மேசைமேல் ஒரு ஹரிக்கேன்

1944-ஆம் ஆண்டு ஜப்பானியப் படைகள் இம்பாலை முற்றுகையிட்டபோது, இந்திய விமானப் படையின் முதலாம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன் விமானங்களில் தாழப் பறந்து எதிரியின் நடமாட்டத்தைக் கண்டறிந்து வந்தது. அதன் தலைவராக இருந்த அர்ஜன் சிங், பின்னாளில் இந்திய விமானப் படையின் மார்ஷல் என்னும் உயர்நிலையை எய்தினார். அந்த ஹரிக்கேனை 1:72 அளவில் வீட்டு மேசையிலேயே உருவாக்கலாம். ஏறத்தாழ 12.2 மீட்டர் நீள இறக்கை விரிவு, மாதிரியில் 17 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும்.

பெட்டியைத் திறந்தால், சட்டங்களோடு இணைந்த பிளாஸ்டிக் பாகங்கள் இருக்கும். அவற்றைத் திருகிப் பிய்க்காமல் வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தை மென்மையான உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். விமானியின் இருக்கைப் பகுதிக்கு முதலில் வண்ணமிட வேண்டும். உடற்பகுதியின் இரு பாதிகளும் ஒட்டப்பட்டபின் தூரிகை உள்ளே செல்லாது. இணைப்புக் கோட்டைப் பட்டியிட்டு மறைக்கும்போது, உடலின் பின்பகுதியில் தெரியும் மெல்லிய மேடுகள் தேய்ந்துவிடக் கூடாது. ஹரிக்கேனின் பின்னுடல் துணி போர்த்தப்பட்டது என்பதற்கு அவையே சான்று.

பிரைமர் பூசி உலர்ந்தபின், மேற்புறத்திற்கு அடர்பச்சையும் மண்பழுப்பும் பூசலாம். தடித்த ஒரே பூச்சைவிட மெல்லிய இரு பூச்சுகள் நன்று. காற்றோட்டமுள்ள அறையில் பணியாற்றுதல் அவசியம்.

அடுத்து வருவது வட்டச் சின்னம். ஐரோப்பாவில் பறந்த பிரிட்டானிய விமானங்களின் சின்னத்தில் நடுவே சிவப்பு இருந்தது. ஜப்பானிய விமானங்களின் அடையாளமும் சிவப்பு வட்டமே. போர்க்களத்தில் ஒரு நொடி ஐயம், சொந்தப் படையினரின் துப்பாக்கிக்கே விமானியை இரையாக்கிவிடும். ஆகவே இம்பால், பர்மா களங்களில் அச்சிவப்பு நீக்கப்பட்டு, நீல நிறமே எஞ்சியது. பெட்டியில் ஐரோப்பியச் சின்னம் மட்டுமே இருந்தால், உரிய சின்னத்தைத் தனியே தேடிப் பெறுதல் வேண்டும். பளபளப்பு வார்னிஷ் பூசிய பரப்பில், நீரில் ஊறவைத்த சின்னத்தை மெல்ல நகர்த்திப் பொருத்தி, இறுதியில் மங்கல் வார்னிஷால் மூடலாம்.

பார்ப்போர் கண்ணில் இது ஒரு சிறு நீலப் புள்ளி. ஆயினும் அன்று ஒரு விமானி உயிருடன் தரையிறங்குவதற்கு அதுவும் துணைநின்றது. அதனைச் சரியாக அமைக்கும் பொறுமையே, அங்கே பறந்தவர்களுக்கு இக்கலை செலுத்தும் மரியாதை.