கன்று நட்டால் கவலை தீருமா?

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 நெருங்குகிறது. உறுதிமொழி எடு, கன்று நடு, படம் அனுப்பு என்று பள்ளி வாட்ஸ்அப் குழுக்கள் பரபரக்கின்றன. பருவநிலை மாற்றத்தை நினைத்துப் பயப்படும் பிள்ளைகளுக்கு 'நம்பிக்கை', 'மீள்திறன்' ஊட்ட வேண்டும் என்ற பேச்சும் இந்த முறை சேர்ந்துகொள்ள, குழம்பிப்போன பெற்றோரின் கடிதங்கள் நமக்கு வந்தபடி இருக்கின்றன.

மீள்திறன் என்றால்? அதிகாரிகள் பேசுவதைக் கேட்டால், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த மறுவாரமே பிள்ளை சிரித்த முகத்தோடு வகுப்புக்கு வந்துவிட வேண்டும் என்று தோன்றும். மிக்ஜாம் புயலால் 2023-ல் அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போன சென்னைப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

'ஏதாவது செய்தால் பயம் போய்விடும்' என்பதுதான் இப்படிக் கன்று நடச் சொல்லும் திட்டங்களின் அடிப்படை. இங்கேதான் இடிக்கிறது. ஸ்வீடன் உளவியலாளர் மரியா ஓயலா, பருவநிலை மாற்றக் கவலையைப் பற்றி 12 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை 2012-ல் வெளியிட்டார். 'நான் என்ன செய்யலாம்' என்றே யோசித்துச் செயலில் இறங்கிய பிள்ளைகளிடம் அன்றாட வாழ்வில் எதிர்மறை உணர்வுகளும் கூடவே இருந்தன. காரணம், அவர்கள் ஏற்கெனவே அதிகம் கவலைப்படுகிறவர்கள். அவர்களில் யாருக்கு அந்தச் சுமை குறைந்தது? விஞ்ஞானிகள், அமைப்புகள் என்று பெரியவர்களும் உழைக்கிறார்கள் என்று நம்பியவர்களுக்கு. நிலைமை மோசம்தான், ஆனாலும் வழி உண்டு என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு. அதாவது, பிள்ளை கையில் கன்றைக் கொடுத்தால் மட்டும் போதாது. பெரியவர்கள் தங்கள் பங்கைச் செய்வது அதன் கண்ணில் பட வேண்டும். அதை எந்தப் பாடத்திட்டமும் ஆசிரியர் தலையில் கட்டிவிட முடியாது. ஏரியை மூடிக் கட்டடம் எழுப்பிவிட்டு, அதன் வாசலில் கன்று நடச் சொன்னால் பிள்ளை எதை நம்பும்?

இதோடு ஒப்பிட்டால், நியூசிலாந்து 2020-ல் அறிவித்த பருவநிலை மாற்றப் பாடம் கொஞ்சம் நேர்மையானது. அதில் 11 முதல் 15 வயது மாணவர்கள் 'உணர்ச்சி வெப்பமானி' ஒன்றில் தங்கள் உணர்ச்சிகளைக் குறித்துக்கொள்ளும்படி வகுத்திருந்தார்கள். பயப்படாதே என்று அதட்டாமல், எவ்வளவு பயம் என்று கேட்டது அது. பள்ளிகளுக்கு அது கட்டாயமாகவும் இருக்கவில்லை.

பெற்றோர் கேட்ட மற்ற கேள்விகள்:

பருவநிலை மாற்றக் கவலை ஒரு நோயா? இல்லை. தூக்கமும் படிப்பும் தொடர்ந்து கெட்டால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

என் பிள்ளைக்கு மட்டும்தானா? இந்தியா உட்பட 10 நாடுகளில் 10,000 இளைஞர்களிடம் நடத்திய, 2021-ல் வெளியான ஆய்வில் 59 சதவீதம் பேர் பருவநிலை மாற்றத்தை நினைத்துக் கடுமையாகக் கவலைப்பட்டார்கள்.

கவலைக்கு யார் காரணம்? அரசுகள் கைவிட்டுவிட்டன என்ற எண்ணமும் இந்த வேதனையோடு சேர்ந்தே இருப்பதாக அதே ஆய்வு சொன்னது.

வீட்டில் என்ன சொல்வது? 'ஒண்ணும் ஆகாது, போய்ப் படி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.