உறங்கும் யந்திரத்துக்கு ஓர் உத்தரவுப் பத்திரம்

மின்சாரம் திடீரென நின்றுபோன இரவிலே, வைத்தியசாலையின் பின்புறத்தில் உறுமிக்கொண்டு எழும் டீசல் மின்பிறப்பாக்கியின் ஓசை நம் செவிக்கு இனிமையாகவே இருக்கும். சத்திரசிகிச்சைக் கூடத்து விளக்கு அணையவில்லை என்பதற்கு அதுவே சான்று. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நம் நாட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த யந்திரத்தைப் பொருத்துவதற்கு முன்னர் சுற்றுப்புறத்தார் சுவாசிக்கும் காற்றின் பொருட்டும் ஓர் உத்தரவு பெறவேண்டும் என்ற விதி அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே உண்டு. அவ்விதியில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அளிக்கப்பட்டுள்ள இடமே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

அம்மாநிலத்தார் காற்றின் அருமையைக் கண்ணீர் விட்டே கற்றனர். 1943 ஜூலையில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் கவிந்தபோது, யுத்த காலமாதலால், பகைவர் விஷவாயுவை ஏவிவிட்டனரோ எனச் சிலர் அஞ்சினராம். பகைவர் எவரும் வரவில்லை. புகை ஊருக்குள்ளேயே பிறந்ததுதான். 1947இல் அங்கும், 1955இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும் காற்றுக் காவலுக்கெனத் தனிச் சபைகள் தோன்றின. 1998இல் டீசல் புகையிலுள்ள நுண்துகள்கள் நச்சுப் பொருள் என மாநில அரசு பிரகடனஞ் செய்தது. டீசல் புகை புற்றுநோயை விளைவிக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவும் 2012இல் உறுதிப்படுத்தியது.

விரிகுடாப் பகுதியிலே 50 குதிரைவலுவுக்கு மேற்பட்ட டீசல் யந்திரமாயின், நிறுவுவதற்கு ஓர் உத்தரவும் இயக்குவதற்கு இன்னோர் உத்தரவும் பெறுதல் வேண்டும். யந்திரத்தை வாங்கிப் பொருத்திவிட்டுப் பின்னர் கந்தோருக்குப் போகிறவர் தண்டம் இறுக்க நேரிடலாம். யந்திரம் எந்த ஆண்டில் செய்யப்பட்டது, அதன் வலு எவ்வளவு, புகைபோக்கி எவ்வளவு உயரம், அதன் வாய் வானை நோக்கியதா அன்றிப் பக்கவாட்டில் திரும்பியதா, மிக அண்மையிலுள்ள வீடு எத்தனை அடி தூரத்தில் உள்ளது என்றெல்லாம் கேட்பார்கள். கல்யாணப் பேச்சில்கூட இத்தனை கேள்வி எழாது! இவற்றைக் கொண்டே அயலவருக்கு நேரக்கூடிய புற்றுநோய் அபாயம் கணிக்கப்படுகிறது. பத்து இலட்சம் பேருக்குப் பத்துப் பேர் என்ற அளவை அது தாண்டலாகாது. ஏற்கெனவே மாசினால் நலிந்துள்ள குடியிருப்புகளில் அவ்வெல்லை 2022 முதல் ஆறாகக் குறைக்கப்பட்டுள்ளது.

எப்போதோ ஒருநாள் ஓடும் யந்திரத்துக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என வாசகர் வினவலாம். யந்திரம் உறங்கினாலும் அதனை உறங்கவே விட்டுவிட முடியாது. தேவை வரும்போது எழும்புமா என்று அறிய அடிக்கடி இயக்கிப் பார்த்தல் அவசியம். மின்சாரம் சீராகக் கிடைக்கும் ஊரிலே, ஆண்டு முழுவதும் அந்த யந்திரம் கக்கும் புகையிற் பெரும்பங்கு இந்தப் பரீட்சையின் புகையே. எனவேதான் சட்டம் ஒரு நுட்பம் செய்தது. உண்மையான மின்தடையின்போது எத்தனை மணி நேரம் ஓடினாலும் தடையில்லை. பரீட்சைக்கும் பராமரிப்புக்கும் மட்டும், புதிய யந்திரமாயின் ஆண்டுக்கு 50 மணி நேரமே பொதுவான உச்ச எல்லை. நோயாளியின் உயிர் ஊசலாடும் வேளையில் கணக்குப் பார்க்கலாகாது என்பதையும், வீண் புகைக்குக் கணக்கு வேண்டும் என்பதையும் ஒருங்கே உணர்ந்தவர்கள் வகுத்த விதி இது என்று நமக்குப் படுகிறது.

இனிப் பாடசாலையின் கதைக்கு வருவோம். யந்திரம் நிற்கப்போகும் இடம் பாடசாலை எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் இருந்தால், உத்தரவு வழங்குவதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னரே அறிவித்தல் அனுப்பவேண்டும். கால் மைல் சுற்றளவிலுள்ள பாடசாலைகளிற் பயிலும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், 1,000 அடிக்குள் அமைந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அது சென்றடைய வேண்டும். செலவு விண்ணப்பகாரருடையது. இதனால் ஏற்படும் தாமதத்தை எண்ணி அவர்கள் சலித்துக்கொள்வது இயல்பே. 2019 ஒக்டோபரில் காட்டுத்தீக்கு அஞ்சி வட கலிபோர்ணியாவில் இலட்சக்கணக்கான வாடிக்கையாளருக்கு மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்களை எண்ணிப் பார்த்தால், அவர்களின் அவசரத்திலும் நியாயம் உண்டு. பெற்றோர் எழுதும் கடிதம் யந்திரத்தைத் தடுத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. அதிகாரி அதனைப் படித்து ஆலோசித்தாக வேண்டும், அவ்வளவே. எனினும், தன் பிள்ளை சுவாசிக்கும் காற்றைப் பற்றி ஒரு தாய்க்கு முன்கூட்டியே கடிதம் வருகிறதே, அதனைச் சிறு காரியமாக நாம் எண்ணவில்லை.

உத்தரவு கிடைத்த பின்னரும் காவல் தளர்வதில்லை. பின்னோக்கித் திருப்ப முடியாத மணிக்கணக்குக் கருவி ஒன்று யந்திரத்திற் பொருத்தப்படுகிறது. எதற்காக எத்தனை மணி நேரம் ஓடியது என்ற குறிப்பேட்டை 36 மாதங்கள் பேணவேண்டும். பாடசாலைக்கு 500 அடிக்குள் நிற்கும் யந்திரமாயின், பாடசாலை நாட்களிற் காலை 7.30 முதல் பிற்பகல் 3.30 வரை அதனைப் பரீட்சித்துப் பார்க்கவும் அனுமதியில்லை. கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் புத்தகப் பையுடன் வீடு திரும்பும்வரை, யந்திரத்தின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டியவன் அந்த யந்திரகாரனே.