கடல்நீரிலிருந்து மீனுக்கு: கதிரியக்கத் தனிமங்களின் பயணம்

1954-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் பசிபிக் கடலிலுள்ள பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டொன்றை வெடித்துச் சோதித்தது. அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது படிந்து, அதிலிருந்த 23 பேரும் நோயுற்ற செய்தி உலகறிந்தது. கடலில் விழுந்த சாம்பலைப் பற்றி அப்பொழுது அத்துணைக் கவலை எழவில்லை. பரந்த கடல்நீரில் அது கரைந்து மறைந்துவிடும் என்றே பலரும் எண்ணினர்.

அவ்வாண்டு மே மாதத்தில் ஜப்பானிய அரசு அனுப்பிய ஷுன்கொட்சு மாரு என்னும் கப்பல் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. நீரில் கதிரியக்கம் இருந்தது. நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களிலோ அது பன்மடங்கு செறிந்திருந்தது. சூரை மீன்களை ஆராய்ந்தபோது அவற்றில் துத்தநாகம் 65 மிகுந்திருக்கக் கண்டனர். இஃது அணுப்பிளவில் நேரே பிறப்பதன்று. வெடிப்பில் வெளிப்பட்ட நியூட்ரான்கள் சாதாரணத் துத்தநாகத்தைத் தாக்குவதால் உண்டாவது. எனவே இதனை எவரும் எதிர்பார்க்கவில்லை. மீனின் உடலுக்குத் துத்தநாகம் தேவை; கடலில் அது அரிது. ஆகவே கிடைத்ததையெல்லாம் மீன் சேர்த்துவைத்துக்கொள்கிறது. அது கதிர்வீசுவதா, அல்லவா என்று பிரித்தறிய மீனுக்கு வழியில்லை.

ஒரு தனிமம் எங்கே சென்று தங்கும் என்பதை அதன் இரசாயனக் குணமே தீர்மானிக்கிறது. ஸ்ட்ரான்ஷியம் கால்சியத்தை ஒத்தது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் கால்சியம் இருப்பதால், அந்தப் பெருங்கூட்டத்தினிடையே சிறிதளவு ஸ்ட்ரான்ஷியமே மீனின் எலும்பை அடைகிறது. ஸீஸியம் பொட்டாசியத்தை ஒத்து, தசையில் சேர்கிறது. கடலில் பொட்டாசியமும் மிகுதியே. பொட்டாசியம் குறைந்த ஏரிநீரில் வாழும் மீன்கள் அதே அளவு ஸீஸியமுள்ள கடலின் மீன்களைக் காட்டிலும் மிகுதியாக அதனை ஏற்பது இக்காரணத்தாலேயே. தோரியமும் புளூட்டோனியமும் துகள்களைப் பற்றிக்கொண்டு மெல்ல அடிமண்ணை நாடுகின்றன.

2011-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புக்குஷிமா அணு உலைகளில் விபத்து நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஸான் டியகோ அருகே பிடிபட்ட 15 நீலத்துடுப்புச் சூரைகளை விஞ்ஞானிகள் சோதித்தனர். ஒவ்வொன்றிலும் ஸீஸியம் 134 இருந்தது. இதன் அரை ஆயுள் சுமார் 2 ஆண்டுகளே. பழைய குண்டுச் சோதனைகளின் எச்சமாக அது இருந்திருக்க இயலாது. 30 ஆண்டு அரை ஆயுளுள்ள ஸீஸியம் 137 மட்டும் கிடைத்திருந்தால் இவ்வளவு உறுதியாகக் கூற முடியாது. ஜப்பானியக் கடலில் வளர்ந்த இளமீன்கள் பசிபிக்கைக் கடந்து வந்தபோது, புறப்பட்ட இடத்தின் முத்திரையையும் உடன் கொணர்ந்தன.

அம்மீன்கள் உண்ணத் தகுந்தவையா? உலர்ந்த தசையில் கிலோகிராமுக்கு ஸீஸியம் 134 நான்கு பெக்கரல், ஸீஸியம் 137 ஆறு பெக்கரல் அளவில் இருந்தன. இயற்கையான பொட்டாசியம் 40 அதே தசையில் முந்நூற்றுக்கு மேற்பட்ட பெக்கரல் இருந்தது! இதனினும் கருதத்தக்கது பொலோனியம் 210. யுரேனியத்தின் வழித்தோன்றலாகிய இது என்றும் கடலில் உள்ளது. புரதங்களைப் பற்றி, மீனின் உள்ளுறுப்புகளிலும் மட்டியின் செரிமானச் சுரப்பியிலும் செறிகிறது. அச்சூரையை உண்பவர் பொலோனியத்தால் பெறும் கதிரளவு ஸீஸியத்தால் பெறுவதைப்போல் பல நூறு மடங்கு. இதனால் விபத்து சிறியதாகிவிடாது. உலைக்கு அண்மையில் பிடிபட்ட அடிமட்ட மீன்களின் கதை வேறு, அங்கு மீன்பிடித்தலே நிறுத்தப்பட்டது. அளக்காமல் அஞ்சுவதும் தவறு, அளக்காமல் அமைவதும் தவறு.

அளப்பது எளிதன்று. கடல்நீரில் ஸீஸியம் அவ்வளவு அற்பம். பல லிட்டர் நீரை எடுத்து, அம்மோனியம் பாஸ்போமாலிப்டேட் என்னும் மஞ்சள் நிறப் பொடியில் ஸீஸியத்தைப் பிடித்து, அப்பொடியை ஈயக் கவசத்தினுள் நெடுநேரம் வைத்து எண்ணவேண்டும். தாராப்பூர், கல்பாக்கம் முதலிய நம் அணுமின் நிலையங்களின் அருகே உள்ள சுற்றுப்புற ஆய்வுக்கூடங்கள் நீரையும் மீனையும் மண்ணையும் இவ்வாறு இடைவிடாது சோதித்து வருகின்றன. உலை இயங்கத் தொடங்குமுன்பே இவ்வேலை தொடங்கிவிடும். கடலில் முன்னரே இருந்தது எவ்வளவு என்று குறித்துவைத்தாலன்றி, பின்னர்ச் சேர்ந்தது எவ்வளவு என்று கழித்துக் காண இயலாதல்லவா?