பாமினிக்குள் கிடந்த கோயில்

யாழ்ப்பாணத்து அச்சகங்களில் பழைய கணினி ஒன்றைத் திறந்தால் அதிகம் கண்ணில் படுவது கல்வெட்டுகள்தான். கோயில் சுவரில் வெட்டிய எழுத்து அல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் உறவினருக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு இங்கே அதுதான் பெயர். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், வம்சாவளி, வழிபட்ட கோயில், பாடிய தேவாரம் என்று ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் இருபது முப்பது பக்கத்துக்குள் இருக்கும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதைப் பார்த்த தலைமுறைக்கு ஒரு கல்வெட்டுக்கூட அற்பமான தாள் அல்ல.

நான் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாமினி எழுத்துருதான் எங்கள் தமிழ். பாமினியில் கணினிக்குத் தமிழ் தெரியாது. நாம் அழுத்துவது ஆங்கில எழுத்து. திரையில் அதற்குத் தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். கோயில் என்று வர பெரிய என், எஃப், எச், ஏ, பி, வை, அரைப்புள்ளி என்று அடிப்போம். கையால் எழுதுகிற ஒழுங்குதான்: முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். எழுத்துருவை நீக்கினால் மிஞ்சுவது பொருளில்லாத ஆங்கிலக் கோவை. எங்கள் தேடுதல் முழுவதும் கண்ணால்தான். ஒருவர் மூலத்தைப் பார்த்து உரத்து வாசிப்பார், மற்றவர் சிவப்புப் பேனையுடன் புரூப்பைப் பார்ப்பார். ஒரு பெயர் ஆறாம் பக்கத்தில் பிழைத்திருந்தால் வேறெங்கே பிழைத்திருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து வாசிப்போம்.

இந்த வேலைக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. 1842இல் மானிப்பாயில் வெளிவந்த அகராதிக்கு 58,500 சொற்களைக் கையால் சேர்த்து நிரைப்படுத்தினார்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் காலத்துப் பதிப்பாசிரியர்கள் ஏட்டில் புள்ளி இல்லாமல் வாசித்தார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். முன்னும் பின்னும் வருகிற எழுத்தைப் பார்த்து, இங்கே இதுதான் வரமுடியும் என்று முடிவுசெய்ய வேண்டும். அந்தத் தீர்மானத்தைத்தான் இன்று ஒரு நிரலுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

என் மருமகள் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள். பாமினிக் கல்வெட்டுகளை யுனிகோடுக்கு மாற்ற அவள் கையிலெடுத்தது சி மொழியும், பி.சி.ஆர்.ஈ.2 என்ற ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகமும். சொல்லைத் தேடாமல் சொல்லின் வடிவத்தைத் தேடுவது ரெகுலர் எக்ஸ்பிரஷன். கென் தொம்சன் 1968இலேயே, தேடும் வடிவத்தை இயந்திரக் கட்டளையாகக் கம்பைல் செய்து ஓட்டலாம் என்று எழுதிக்காட்டினார். கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேசல் 1997இல் தொடங்கிய நூலகத்தின் புதிய வடிவம், 2015இல் வந்த இந்த பி.சி.ஆர்.ஈ.2. ஏன் சி என்று கேட்டேன். அச்சகத்துப் பழைய கணினியில் இணையமும் இல்லை, வேறு எதையும் நிறுவ இடமும் இல்லை. நூலகத்தையும் சேர்த்தே கம்பைல் செய்த ஒற்றைக் கோப்பை பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டலாம் என்றாள்.

தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடங்களை அவளோடு இருந்து பார்த்தேன். எழுத்தலகு எட்டு பிட் என்பதைத் தலைப்புக்கோப்பைச் சேர்க்கும் முன்னரே சொல்லிவிட வேண்டும். இணைக்கும்போது நூலகத்தின் பெயரைத் தராவிட்டால் கம்பைலர் கையை விரித்துவிடும். சி மொழிச் சரத்துக்குள் பின்சாய்கோட்டை இரண்டாக எழுத வேண்டும். வடிவத்தை ஒருமுறை கம்பைல் செய்து வைத்துக்கொண்டு எத்தனை வரிகளிலும் பொருத்தலாம். சுற்றுக்குள் வைத்து வரிக்கு வரி கம்பைல் செய்தால் நிரல் நத்தையாகிவிடும். முடிந்ததும் எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இவையெல்லாம் எந்த மொழிக்காரருக்கும் வருபவை. தமிழுக்கென்று ஒன்று உண்டு. யாழ் என்றால் நமக்கு இரண்டு எழுத்து. யுனிகோடில் ய, கால், ழ, புள்ளி என நான்கு குறி, யு.டி.எஃப் 8இல் பன்னிரண்டு பைட். யு.டி.எஃப் தெரிவைக் கொடுக்காவிட்டால் தேடும் வடிவத்தில் ‘ஏதோ ஒரு எழுத்து’ என்று பொருள்படும் முற்றுப்புள்ளி, ஒரு குறியில் மூன்றில் ஒன்றை மட்டும் பிடிக்கும். கொடுத்தால் ஒரு குறியைப் பிடிக்கும். நாம் எழுத்தென்று சொல்கிற யா முழுதாக வேண்டுமானால் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் போட வேண்டும்.

முதல் ஓட்டம் அழகாக முடிந்தது. திரையில் ஒரு பிழை இல்லை. தேடிப் பார்த்தவள் முகம் சுருங்கிப்போனாள். “மாமா, இவ்வளவு கல்வெட்டிலயும் ஒரு கோயில்கூட இல்லையாம்.”

எனக்கும் விளங்கவில்லை. கண்ணுக்கு முன்னால் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் என்று இருக்கிறது! பைட்டுகளை விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ‘இரட்டைக்கொம்பும் மெய்யும்’ என்ற விதி முதலில் ஓடி, கே என்று மாற்றிவிட்டது. கால் தனியே நின்றது. க, ஏகாரக்குறி, கால் என்று மூன்றாக வருவதும், க, ஓகாரக்குறி என்று இரண்டாக வருவதும் திரையில் ஒரே உருவம். பைட்டுக்கு பைட் ஒப்பிடும் தேடலுக்கு வேறு வேறு சொல். கண்ணையே நம்பி வாழ்ந்த எனக்கு அது பெரிய அதிர்ச்சி. கொம்பு, மெய், கால் மூன்றையும் பிடிக்கிற நீண்ட விதியை மேலே ஏற்றி, மெய்யை அடைப்புக்குறிக்குள் பிடித்து, பின்னால் ஓகாரக்குறியை வைத்தாள். அடுத்த ஓட்டத்தில் கோயில்கள் வரிசையாக வந்தன: மாவிட்டபுரம், செல்வச்சந்நிதி, வல்லிபுரம்.

ஔகாரம் அவ்வளவு இலகுவில் விடவில்லை. வௌவாலையும் வெள்ளத்தையும் பாமினியில் ஒரேமாதிரித்தான் தொடங்குவோம்: கொம்பு, வ, ள. ளகரத்துக்குப் பிறகு புள்ளியோ உயிர்க்குறியோ வராவிட்டால் மட்டும் ஔகாரமாக்கு என்று, முன்னோக்கிப் பார்க்கும் நிபந்தனை ஒன்றைச் சேர்த்தாள். வெள்ளமும் வெளியும் தப்பின; மௌனமும் கௌரவமும் சரியாக வந்தன. ஆனால் பேச்சுவழக்கில் எழுதிய ஒரு நினைவுக் கட்டுரையில் ‘வெளக்கு’ இருந்தது. அதையும் விதி ஔகாரமாக்கிவிட்டது; அதைப் பிரித்தறிய எந்த விதியும் உதவவில்லை.

அப்படி ஐயமான சொற்களை மட்டும் நிரல் ஒரு பட்டியலாக எழுதித் தருகிறது. பின்னேரங்களில் இருவரும் விறாந்தையில் இருக்கிறோம். அவள் வரியை உரத்து வாசிக்கிறாள். நான் சிவப்புப் பேனையுடன் அது ஔவா, கொம்பும் ளவுமா என்று குறித்துக்கொண்டு போகிறேன்.