வெள்ளை வேட்டியும் ஒரு ஃப்ளாஷும்

“கண்ணு கூசிடும்ப்பா, ஃப்ளாஷ் போடாதே.” பச்சைக் குழந்தையைப் படமெடுக்கப் போகிற வீடுகளில், கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே இந்தக் குரல் வந்துவிடும். பெரும்பாலும் அது வீட்டு ஆயாவின் குரல். மூடநம்பிக்கை என்று அதை ஒதுக்க எனக்கு மனம் வராது. அவர் பார்த்து வளர்ந்த ஃப்ளாஷ், முகத்துக்கு நேராக டப்பென்று அடித்து, கொஞ்ச நேரத்துக்குக் கண்ணுக்குள் பூச்சி பறக்கவிட்ட ஃப்ளாஷ்.

ஆனால், கேமரா ஃப்ளாஷால் குழந்தையின் விழித்திரை கெட்டுப்போனதாகச் சான்று எதுவும் இல்லை. குறைந்த பவரில் வைத்தால் அந்த வெளிச்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. குறைமாதக் குழந்தைகளின் கண்ணைச் சோதிக்கும் மருத்துவர்கள், சொட்டு மருந்தால் கண்மணியை விரியவைத்து, இதைவிட எவ்வளவோ அதிக நேரம் வெளிச்சம் பாய்ச்சித்தான் பார்க்கிறார்கள்.

சொல்லப்போனால், நேராக அடிக்கும் ஃப்ளாஷே சில சமயம் கண்ணைக் காப்பாற்றும். அப்படி எடுத்த படத்தில் கண் சிவப்பாகத் தெரிந்தால் பயப்பட ஏதுமில்லை. விழித்திரையில் பட்ட வெளிச்சம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஒரு கண்ணில் மட்டும் பூனைக்கண் போல வெள்ளையாக மினுங்கி, அதுவும் படத்துக்குப் படம் மினுங்கினால், அன்றைக்கே கண் மருத்துவரைத் தேடுங்கள். ஒன்றுமில்லாமல் போகலாம், பிறவிக் கண்புரையாக இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பதினைந்து, இருபதாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிற அரிய நோய் அது; பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தலைகாட்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும், பல சமயம் பார்வையையும் மீட்கலாம். சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்த் மருத்துவமனையிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. நாங்கள் பக்கவாட்டில் வைக்கும் ஃப்ளாஷில் இந்தச் சிவப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. அதனால் அம்மாவின் போனில் கிடக்கும் சுமாரான படங்களை அழிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, ஃப்ளாஷே இல்லாமல் ஜன்னலோரம் எடுத்தால் என்ன? சுங்குவார்சத்திரத்தில் அந்த ஜன்னல் வேண்டுமே! பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, வாலாஜாபாத் சாலை பிரிகிற இந்த ஊர், 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் நடத்திய வேலைநிறுத்தத்தால் நாடெங்கும் பேசப்பட்டது. நெடுஞ்சாலையை விட்டுத் தெருவுக்குள் இறங்கினால், கம்பெனி வேலைக்கு வந்தவர்களை நம்பிக் கட்டிய வாடகை வீடுகள். ஒரே வரிசையில் ஆறேழு கதவுகள். ஒரு அறை, அதை ஒட்டிச் சமையல் மேடை. ஜன்னல் என்று ஒன்று இருந்தால், அதைத் திறந்ததும் பக்கத்து வீட்டுச் சுவர். நடுப்பகலிலும் ட்யூப்லைட் எரியும். தமிழ்க் குடும்பம் என்றால் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போய்விடுவாள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களில் பலருக்கு அந்த வழியும் இல்லை. பிள்ளை இந்த அறைக்குத்தான் வந்து சேர்கிறது. அதன் முகத்தைப் பாட்டி, தாத்தா வாட்ஸ்அப்பில்தான் பார்க்கிறார்கள்.

இந்த அறைக்கு ஒரே ஒரு ஃப்ளாஷ் போதும். கேமராவின் தலையிலிருந்து அதைக் கழற்றி ஒரு ஸ்டாண்டில் மாட்டி, கேமராவில் ஒரு ட்ரிக்கரைச் செருகி, ஃப்ளாஷுக்கு முன்னால் வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளைக் குடையை விரித்தால் முடிந்தது. கல்யாண போட்டோகிராபர் எவரிடமும் இருக்கிற சாமான்தான். வெளிச்சத்தின் மென்மை விளக்கின் விலையில் இல்லை. படமெடுக்கும் ஆளோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிது, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. கல்யாண மாப்பிள்ளைக்குப் போதாத அதே குடை, ஐம்பது சென்டிமீட்டர் நீளமுள்ள குழந்தைக்கு அதன் உடம்பைப்போல இரண்டு மடங்கு. குழந்தையிலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளி வைத்தால் நிழலின் விளிம்பு தானாகக் கரைந்துவிடும். பவர் பதினாறில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 400, அபெர்ச்சர் 4, ஷட்டர் 160-ல் ஒரு பங்கு. அங்கிருந்து ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் கன்னம் ஒரு நிறம், காது ஒரு நிறம்.

குடை இல்லாதவர்கள் ஃப்ளாஷைச் சுவரில் அடித்துத் திருப்புவார்கள். நல்ல வழிதான், சுவர் வெள்ளையாக இருந்தால். நம் ஊர்ச் சுவர்கள் பிஸ்தா பச்சை, ரோஸ், வயலெட். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் பிள்ளையும் பச்சையாகத்தான் தெரியும். கொடியைக் கட்டி நாலு முழ வெள்ளை வேட்டியை அதில் போட்டு, வேட்டியில் ஃப்ளாஷை அடித்தால் தீர்ந்தது. ஸ்டேஷனரி கடைத் தெர்மோகோல் அட்டையும் இதே வேலையைச் செய்யும். நிறம் சரியாக வருவதில் இன்னொரு காரியமும் உண்டு: பிறந்த முதல் வாரத்தில் பல குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை எட்டிப்பார்க்கும். வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கண்ணின் வெண்மை மஞ்சளாகத் தெரிந்தால், அதை எடிட்டிங்கில் வெளுப்பதற்கு முன் தாயிடம் சொல்லுங்கள்.

பலரும் கோட்டை விடுவது திசையில். வெளிச்சம் உச்சந்தலைப் பக்கமிருந்து முகவாய்ப் பக்கம் இறங்கி வர வேண்டும்; மூக்கின் நிழல் வாயை நோக்கி விழ வேண்டும். குழந்தை படுத்திருப்பதால் இது சட்டென்று பிடிபடாது. கால்மாட்டில் குடையை வைத்துவிட்டால், நிழலெல்லாம் நெற்றிக்கு ஏறி, பேய்ப் படத்து முகம் வந்துவிடும். ஒன்று குடையை மாற்றுங்கள், இல்லையென்றால் படுத்திருக்கிற துணியோடு குழந்தையைத் திருப்புங்கள்.

முதல் ஃப்ளாஷில் குழந்தை திடுக்கிட்டுக் கையை விரிக்கலாம். அதனால் சோதனைப் படங்களைத் தலையணையை வைத்தே எடுத்து முடித்துவிட வேண்டும். ஃப்ளாஷின் ‘பீப்’ சத்தத்தை அணைத்துவிட வேண்டும். ஃபேன் காற்றில் குடை சாயும். ஸ்டாண்டில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டாலும், ஒரு ஆள் கூடவே பிடித்துக்கொள்ள வேண்டும். சீர் செய்யத் தயாராக நிற்கிற தாய்மாமனுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் வேலை கிடைக்காது.

வெளிநாட்டு முறையில் பிறந்து இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பார்கள். குழந்தை அப்போது நன்றாகத் தூங்கும், சுருட்டினால் சுருண்டு கிடக்கும் என்பது கணக்கு. நமக்கு அந்த அவசரம் எதற்கு? தீட்டுக் கழியாமல் வெளியாளை உள்ளே விடாத வீடுகளில் முப்பதாம் நாளுக்கு மேல் போனால் போதும். கன்னம் உப்பி, கண் திறந்து, பிள்ளை பார்க்கத் தொடங்கியிருக்கும். நம் ஆல்பங்களின் பழைய படங்களில், குழந்தை குப்புற விழுந்து தலைதூக்கிய பிறகுதானே ஸ்டூடியோவுக்கே போனார்கள், கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டோடு. புகைப்படக் கலைஞர் ஆன் கெடஸின் ‘டவுன் இன் த கார்டன்’ புத்தகம் 1996-ல் வந்து, பூவுக்குள்ளும் தொட்டிக்குள்ளும் குழந்தையைப் படுக்கவைக்கிற மோகத்தை உலகெங்கும் பரப்பியது. இன்று இன்ஸ்டாகிராமைக் காட்டி, முகவாயைக் கையில் தாங்கித் தவளைபோல உட்கார்ந்த போஸைக் கேட்கிறார்கள். கழுத்து நிற்காத குழந்தை அப்படி உட்காராது. ஒருவர் தலையைப் பிடிக்க ஒரு படம், கையைப் பிடிக்க இன்னொரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டிய வேலை அது. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். மெத்தென்ற பழைய புடவையோ, வீட்டில் வழக்கமிருந்தால் துணி விரித்த முறமோ போதும்.

நேரத்தைக் குழந்தையின் பசி பாதியும், அப்பாவின் ஷிஃப்ட் பாதியும் தீர்மானிக்கும். 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு சட்டப்படி உண்டு. தனியார் கம்பெனியில் அப்பாவுக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்காத கண்ணோடு யூனிஃபார்மிலேயே வந்து உட்காருவார். சட்டை மாற்றச் சொல்லாமல் அப்படியே மடியில் பிள்ளையைக் கொடுத்து எடுத்துவிடுவேன்.

இவ்வளவுக்கும் மேலே உண்மையான சோதனை பாஸ்போர்ட் சைஸ் படம்தான். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க, வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தைப் பெற்றோரே கொண்டுபோக வேண்டும். கண் திறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும், நிழல் விழக் கூடாது. அதே வேட்டியை இழுத்து விரித்து, மல்லாக்கக் கிடத்தி, ஃப்ளாஷை வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்ப வேண்டும். பச்சைக் குழந்தைக்கு ஒரு அடிக்குள் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். கிலுகிலுப்பையை லென்ஸை ஒட்டியே ஆட்ட ஒரு ஆள் வேண்டும், அவர் கை படத்துக்குள் வராமல்.