குரோம்பேட்டையும் தோலின் உறுதியும்

இங்கு எழுந்த குரோம் தோல் ஆலையே குரோம்பேட்டைக்குப் பெயர் ஈந்தது. குரோமிய உப்பால் பதனிட்ட அத்தோலின் உறுதியை அறியத் தோலின் அமைப்பை முதலில் காணவேண்டும். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றதெனக் கண்டுரைத்த கொலாஜன் என்னும் புரதமே தோலுக்கு ஆதாரமாதலின், பதனிடாத தோலை நீரிலிட்டுச் சூடேற்றினால் 60–65 பாகை செல்சியஸ் உஷ்ணத்திலேயே அம்முறுக்கு அவிழ்ந்து தோல் சுருங்குவதும், மேலும் காய்ச்ச அது வஜ்ஜிரமாய் இளகி ஓடுவதும் இயல்பு. ஆவாரம்பட்டைத் துவர் அவ்வெல்லையைச் சுமார் 80 பாகைக்கு உயர்த்தும். குரோமிய உப்போ புரிகளின் அமிலக் கூறுகளைப் பற்றி அவற்றைக் குறுக்கே பிணைத்துவிடுவதால், கொதிக்கும் நீரில் சில நிமிஷம் கிடந்தாலும் தோல் சுருங்காது. பதம் முற்றியதா என்று தொழிலாளர் சோதிப்பதும் ஒரு துண்டை அவ்வாறு கொதிநீரில் இட்டேயாகும்.