மீட்டர் கோலும் பூமியின் சுற்றளவும்
பல பாடங்களை இணைக்கும் செயல்திட்டம் மாணவருக்கு என்ன தருகிறது?

பள்ளியில் ‘ப்ராஜெக்ட்’ என்றால் பெரும்பாலும் சார்ட் பேப்பர், தெர்மகோல், ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் வீட்டார் உதவி. மதிப்பெண் போட்டதும் அது பரணுக்குப் போய்விடும். பல பாடங்களை இணைத்து, கையால் செய்து கற்கும் செயல்திட்டம் அப்படிப்பட்டதல்ல. அதன் நடுவில் ஒரு கேள்வி இருக்கும். எந்தப் பாடமும் தனியாக நின்று அதற்கு விடை சொல்லிவிட முடியாது. மாணவியாக நான் பங்கேற்ற செயல்திட்டத்தின் கேள்வி இது: பூமியின் சுற்றளவை நாமே அளக்க முடியுமா?

கோலும் நிழலும்

வழி பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தனிஸ் வகுத்தது. தெற்கே சியீன் (இன்றைய அஸ்வான்) நகரில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும் நண்பகலில், அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. நிழல் காட்டிய கோணம் முழு வட்டத்தில் 50இல் ஒரு பங்கு. ஆகவே இரு நகரங்களுக்கு இடையிலான தொலைவை 50ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு கிடைக்கும்.

இதையே சென்னையிலும் கன்னியாகுமரியிலும் இரு பள்ளிகள் சேர்ந்து செய்யலாம். சென்னை ஏறத்தாழ 13.08 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது, கன்னியாகுமரி 8.08 பாகையில். பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20, 21 வாக்கில், ஒரு மீட்டர் கோலின் நண்பகல் நிழல் சென்னையில் சுமார் 23.2 செ.மீ., கன்னியாகுமரியில் சுமார் 14.2 செ.மீ. இருக்க வேண்டும். இரண்டு கோணங்களுக்கும் வித்தியாசம் 5 பாகை, அதாவது வட்டத்தில் 72இல் ஒரு பங்கு. இரு ஊர்களுக்கும் இடையே வடக்கு-தெற்காக உள்ள தொலைவு சுமார் 553 கி.மீ. பெருக்கினால் 39,816 கி.மீ. துருவங்கள் வழியான உண்மைச் சுற்றளவு சுமார் 40,008 கி.மீ.

பாடங்கள் எங்கே நுழைகின்றன?

முதலில் புவியியல். நண்பகல் என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இரு ஊர்களும் அதற்கு மேற்கே இருப்பதால் நண்பகல் பிந்தும்; மார்ச் மூன்றாவது வாரத்தில் சென்னையில் நிழல் மிகக் குறுகுவது 12:16 மணியளவில். கன்னியாகுமரியில் 12:27 அளவில். நிழல் நுனியை விடாமல் குறித்துவந்து, எது மிகக் குறுகியது என்று பார்ப்பதே சரியான முறை. தொலைவிலும் கவனம் வேண்டும். சாலைவழித் தொலைவான சுமார் 700 கி.மீ.யைப் போட்டால் விடை 50,000ஐத் தாண்டிவிடும். வரைபடத்தில் வடக்கு-தெற்குத் தொலைவை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

நிழலின் நீளத்தைக் கோணமாக்குவது பத்தாம் வகுப்பு முக்கோணவியல். நிழலின் விளிம்பு ஏன் மங்கலாக இருக்கிறது என்பதற்கு இயற்பியல் பதில் சொல்கிறது. சூரியன் புள்ளியல்ல, வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் மீட்டர் கோலின் நிழல் நுனி ஏறத்தாழ ஒரு செ.மீ. அளவுக்குக் கலங்கித் தெரியும். அந்த ஒரு செ.மீ.யைச் சென்னையில் கூட்டி அளந்தால் விடை 36,000 கி.மீ.க்கு இறங்கிவிடும்!

மொழிப்பாடமும் வேண்டும். ‘கோலை நேராக நடுங்கள்’ என்று எழுதினால் இரு ஊர் மாணவர்களும் இரு விதமாக நடுவார்கள். ‘குண்டு நூல் தொங்கவிட்டு, கோல் அதற்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள்’ என்று எழுதினால் இரண்டு இடத்திலும் ஒரே வேலை நடக்கும். யார் படித்தாலும் ஒரே மாதிரி செய்யும்படி தமிழில் எழுதுவது எவ்வளவு கடினமான கலை என்பதை நான் கட்டுரைப் போட்டிகளில் அறிந்ததில்லை.

வரலாறு சென்னையிலேயே இருக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவின் பெரும் நில அளவைக்கான அடிக்கோட்டைப் பரங்கிமலைப் பகுதியில்தான் அளக்கத் தொடங்கினார். சுமார் 12 கி.மீ. நீளத்தை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலையையும் உடன் குறித்துக்கொண்டார்கள்.

பிழைக்கு ஒரு முகவரி

தேர்வில் பிழை என்றால் சிவப்பு மை. மதிப்பெண் குறையும், கதை முடியும். இங்கே விடை 36,000 என்று வந்தால் கதை அங்கேதான் தொடங்குகிறது. கோல் சாய்ந்திருந்ததா, நுனியை எங்கே குறித்தோம், தொலைவை எப்படி எடுத்தோம்? பிழையைத் தேடிப் போகும்போது ஒரு பாடத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். பாடங்களை இணைப்பது அந்தத் தேடல்தான். ஒரே அட்டையில் எல்லாப் பாடத்தையும் ஒட்டுவதால் அவை இணைந்துவிடுவதில்லை.

இந்தச் சிந்தனை புதிதல்ல. 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டூயி தொடங்கிய பள்ளியில் சமையல், தச்சு வழியே பாடங்கள் கற்பிக்கப்பட்டன. 1937 வார்தா மாநாட்டில் காந்தி கைத்தொழிலை மையமாக்கிய கல்வியை முன்வைத்தார். ஃபின்லாந்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், ஒவ்வொரு மாணவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பல பாடங்களை இணைக்கும் பகுதி வேண்டும் என்கிறது.

இதனால் வகுப்பறைப் பாடம் தேவையில்லை என்று ஆகாது. முக்கோணவியல் தெரியாதவருக்கு அந்த நிழல் வெறும் நிழல். ஆசிரியர் முன்கூட்டியே கற்பித்திருந்ததால்தான் எங்களால் கேள்வியைத் தொடர முடிந்தது. பாடத்திட்டத்தை முடிக்க ஓடும் ஆசிரியர்களின் நெருக்கடியும் உண்மையானது.

ஆகவே ஆண்டுக்கு ஒரு செயல்திட்டம் போதும். ஆனால் அதில் மூன்று இருக்க வேண்டும்: சரிபார்க்கக்கூடிய ஒரு கேள்வி, மாணவரே எடுத்த அளவு, மறுபடி அளக்க அவகாசம். மூன்றாவதைத்தான் பள்ளிகள் முதலில் கைவிடுகின்றன. முதல் விடைக்கே மதிப்பெண் போட்டு முடித்துவிட்டால், தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைக்காது. அழகான மாதிரிக்கு மதிப்பெண் தருவதைவிட, அடித்துத் திருத்திய அளவீடுகள் நிறைந்த நோட்டுக்கு மதிப்பெண் தருவதே இந்தக் கல்விக்குச் செய்யும் நியாயம்.